முற்றம் தேடி வரும் மையம்

நுழையும்முன்

குழந்தையை வளர்ப்பது குடும்பத்தின் கடமை என்போம். அக்கடமையை நிறைவேற்றக் குடும்பத்திற்கு உணவும் மருத்துவமும் அறிவுரையும் ஓய்வுப் பொழுதும் தேவைப்படுகின்றன. இவற்றை ஓரிடத்தில் திரட்டி, வீட்டிற்கு அருகிலேயே வழங்கும் அமைப்புகளைப் பிற நாடுகளில் குடும்ப வள மையங்கள் என வழங்குகின்றனர். நம் நாட்டில் அவற்றிற்கு இணையாக விளங்குவது அங்கன்வாடி. அது தோன்றிய வரலாற்றையும் அதற்கு அரசு நிதி வழங்கும் முறையையும் கொல்லிமலைச் சிற்றூர்களை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

நாடுகளால் ஆன மலை

சங்க இலக்கியம் போற்றும் மலைகளுள் ஒன்று கொல்லி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் தனி வட்டமாகவும் தனி ஊராட்சி ஒன்றியமாகவும் அது அமைந்துள்ளது. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்தால் செம்மேடு. வட்டாட்சியர் அலுவலகமும் ஒன்றிய அலுவலகமும் அங்கேதான் இருக்கின்றன.

ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் நாடு என்னும் பெயர் தாங்கியவை. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு எனச் சொல்லிக்கொண்டே போகலாம். பழைய நாட்டுப் பிரிவினையின் நினைவு இவ்வளவு தெளிவாக வழக்கில் நிற்கும் ஒன்றியங்கள் தமிழகத்தில் மிகச் சிலவே. இங்கு வாழ்வோருள் மிகப் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரள மக்களுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இங்கு அச்சொல்லுக்குப் பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவர்கள் பேசுவது தமிழே.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கொல்லிமலையில் ஏறத்தாழ 40 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். மலையின் பரப்பு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சற்றொப்ப 140 பேர் என்பது இதிலிருந்து கிடைக்கும் கணக்கு. அதே ஆண்டில் தமிழ்நாட்டின் சராசரி 555. மாநிலச் சராசரியில் நான்கில் ஒரு பங்கு மக்களே இங்கு வாழ்கின்றனர். அவர்களும் ஓரிடத்தில் திரண்டு வாழவில்லை. நீரோடையை ஒட்டிய படிக்கட்டு வயல்களுக்கு அருகே பத்து வீடு, சரிவுக்கு அப்பால் இருபது வீடு, காட்டின் ஓரத்தில் முப்பது வீடு எனக் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஊரில் நின்று பார்த்தால் அடுத்த ஊர் கண்ணுக்குத் தெரியும். நடந்து சென்றால் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏற ஒரு மணி நேரம் ஆகும். வரைபடத்தில் அளக்கப்படும் தொலைவும் காலால் அளக்கப்படும் தொலைவும் மலையில் ஒன்றாக இருப்பதில்லை. இப்பாடத்தின் பிற்பகுதியைப் புரிந்துகொள்ள இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முற்றத்தில் தோன்றிய பள்ளி

அங்கன்வாடி என்னும் சொல் மராத்தி வழியாக நமக்கு வந்தது. அங்கன் என்றால் முற்றம். குழந்தைக் கல்வியாளர் தாராபாய் மோடக் 1945இல் இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் கடலோரச் சிற்றூரான போர்டியில் குழந்தைக் கல்வி மையம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய மாணவி அனுதாய் வாக் அப்பணியில் துணைநின்றார். தாராபாய் மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். ஆயினும் அம்முறை கேட்ட விலையுயர்ந்த கருவிகளை அவர் அப்படியே ஏற்கவில்லை. கூழாங்கல், விதை, இலை, மண் ஆகிய உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே கற்பித்தார்.

மையத்தைத் திறந்துவைத்தும் பழங்குடிக் குழந்தைகள் வரவில்லை. பெற்றோர் கூலி வேலைக்குச் சென்றுவிட, மூத்த குழந்தைகள் இளையோரைப் பார்த்துக்கொள்ளவும் ஆடு மாடு மேய்க்கவும் வேண்டியிருந்தது. குழந்தைகள் மையத்திற்கு வரவில்லையென்றால் மையம் குழந்தைகளிடம் செல்லட்டும் என்று தாராபாய் முடிவு செய்தார். பழங்குடியினர் வீடுகளின் முற்றங்களிலேயே பாடலும் விளையாட்டும் குளிப்பாட்டலும் நடைபெற்றன. இதுவே அங்கன்வாடி. மாடு மேய்க்கும் சிறுவர்களைத் தேடிப் புல்வெளிக்கே ஆசிரியர் சென்ற ஏற்பாடும் உண்டு. அதற்குப் புல்வெளிப் பள்ளி என்று பெயர். பால்வாடி என்னும் சொல்லையும் வழங்கச் செய்தவர் அவரே. நம் ஊர்களில் அரசுப் பதிவேடுகள் எப்பெயரிட்டாலும் மக்கள் நாவில் இன்றும் பால்வாடி என்பதே நிலைத்திருக்கிறது. 1962இல் அவருக்குப் பத்மபூசண் விருது வழங்கப்பட்டது.

பழங்குடியினரின் வீட்டு வாசலுக்குச் செல்வதற்காகவே இவ்வமைப்பு தோன்றியது. பின்னாளில் நாடு முழுவதும் பரவியபோது முற்றம் கட்டடமாயிற்று. மையம் நடந்து சென்ற நிலை மாறி, குழந்தை நடந்து வரும் நிலை உருவாயிற்று.

அரசு ஏற்ற பொறுப்பு

1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் மருத்துவத்திற்குப் பரிந்துரைத்தல், தாய்மார்க்கு நலக்கல்வி, மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி ஆகிய ஆறு பணிகளும் ஒரே மையத்தில் கிடைக்க வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் வளரிளம் பெண்களும் இதன் பயனாளிகள் ஆவதால், அங்கன்வாடியைக் குழந்தைகளுக்கான சமையற்கூடம் என்று மட்டும் கருதுவது பிழையாகும்.

தமிழ்நாடு இத்துறையில் தனக்கெனச் சில வழிகளை வகுத்துக்கொண்டது. 1980இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. மூன்று வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டது. எடை ஏறாத குழந்தையைக் கண்டறிந்து, அதற்குக் குறிப்பிட்ட காலம் கூடுதல் உணவு அளித்தனர். எடை தேறியதும் நிறுத்தினர். உணவைவிடத் தராசுக்கு முதன்மை தந்த திட்டம் எனலாம். உள்ளூர்ப் பெண்ணே ஊட்டச்சத்துப் பணியாளராக நியமிக்கப்பட்டதும், குழந்தையின் வளர்ச்சி அட்டையைத் தாய்க்கு விளக்கிக் காட்டியதும் பின்னாளில் உலக அளவில் பேசப்பட்ட கூறுகள். 1982 சூலை 1 முதல் ஊரகப் பகுதிகளில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிக்குச் செல்லாத இரண்டு வயதுக் குழந்தையையும் சோற்றுக்கு உரியதாக்கியது. இவ்விரு நீரோடைகளும் பின்னர் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளோடு கலந்தன. இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54 ஆயிரம் குழந்தைகள் மையங்கள் உள்ளன.

தெரிந்து தெளிவோம்

உணவு உரிமை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 முதல் பல ஆணைகளைப் பிறப்பித்தது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத ஊரக, குடிசைப்பகுதி மக்கள் கோரினால், கோரிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மையம் அமைத்துத் தர வேண்டும் என்பது 2006 டிசம்பர் 13ஆம் நாள் ஆணை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அங்கன்வாடி வழியே கிடைக்கும் உணவைச் சட்டப்படியான உரிமையாக்கியது.

தலையை எண்ணுதலும் தொலைவை எண்ணுதலும்

ஒரு மையத்தை எங்கே தொடங்குவது என்பதற்கு அரசு வகுத்துள்ள அளவுகோல் மக்கள்தொகை. சமவெளிச் சிற்றூர்களில் 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம். பழங்குடியினர் வாழும் மலைப்பகுதிகளில் தொடக்க எல்லை 300ஆகத் தளர்த்தப்பட்டுள்ளது. 150 முதல் 300 பேர் வாழும் மலையூரில் குறு அங்கன்வாடி அமைக்கலாம். இத்தளர்வு மலைமக்களின் நிலையை உணர்ந்து செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. அது போதுமானதா என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம்.

முப்பது வீடுகள் உள்ள ஒரு குக்கிராமத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு வாழ்வோர் 130 பேர் எனக் கொள்ளலாம். நூற்றுக்குப் பத்துப் பேர் ஆறு வயதுக்குட்பட்டோர் எனில் குழந்தைகள் 13 பேர். 150 என்னும் எல்லையை எட்டாமையால் இவ்வூருக்குக் குறு மையமும் இல்லை. 40 குழந்தைகள் இல்லாமையால் நீதிமன்ற ஆணையைக் காட்டிக் கோரவும் இயலாது. இத்தகைய மூன்று குக்கிராமங்களைச் சேர்த்தால் 390 பேர். விதிப்படி ஒரு முழு மையம் கிடைத்துவிடும். தாளில் மூன்று ஊர்களும் நிறைவு பெற்றுவிட்டன.

மையம் நடு ஊரில் அமைகிறது. மற்ற இரண்டு ஊர்களும் இருபுறமும் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. மூன்று வயதுக் குழந்தை சரிவுப் பாதையில் தனியே நடந்து வராது. தாய் காலையில் தூக்கிச் சென்று விட்டுத் திரும்ப வேண்டும். பிற்பகலில் மீண்டும் சென்று அழைத்து வர வேண்டும். நாளொன்றுக்கு எட்டுக் கிலோமீட்டர் நடை. மிளகுக் கொடிக்கும் மரவள்ளிக் காட்டிற்கும் கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு அவ்வளவு பொழுது இல்லை. எனவே குழந்தை வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அதைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியோ, பள்ளிக்குச் செல்ல வேண்டிய அக்காளோ உடன் தங்குகிறார். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் சொல்லவே வேண்டா. பதிவேட்டில் அக்குழந்தையின் பெயர் இருக்கும். மையத்தில் அதன் பாய் விரிக்கப்பட்டிருக்காது.

இது கொல்லிமலைக்கு மட்டும் உரிய நிலையன்று. சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன், சவ்வாது, சித்தேரி மலைகளுக்கும் இக்கணக்கு பொருந்தும். இம்மலைகள் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டு, தனி நிதி ஒதுக்கீடு பெற்று வருவதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சாலைக்கும் குடியிருப்புக்கும் உறைவிடப் பள்ளிக்கும் அந்நிதி பெரிதும் பயன்பட்டுள்ளது. பள்ளிப் பருவத்தை எட்டாத குழந்தைக்குச் சாலையைவிட ஒற்றையடிப் பாதையின் நீளமே முதன்மையானது.

நிதி வரும் வழி

அங்கன்வாடியின் செலவுகள் ஒரே பணப்பையிலிருந்து வருவன அல்ல. இணை உணவுச் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் சரிபாதியாகப் பகிர்கின்றன. பிற பொதுச் செலவுகளில் 60 விழுக்காடு ஒன்றிய அரசினுடையது. 40 விழுக்காடு மாநில அரசினுடையது. திட்டத்தின் தொடக்க காலத்தில் உணவு நீங்கலான செலவு முழுவதையும் ஒன்றிய அரசே ஏற்றிருந்தது. படிப்படியாக மாநிலத்தின் சுமை கூடியது.

உணவுக்கான தொகை தலைக்கு இவ்வளவு என வரையறுக்கப்படுகிறது. 2017இல் செய்யப்பட்ட வரையறையின்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய். கடும் ஊட்டக்குறையுள்ள குழந்தைக்கு 12 ரூபாய். கருவுற்ற பெண்ணுக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 300 நாள் உணவு வழங்க வேண்டும். நாம் மேலே கண்ட 13 குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 104 ரூபாய், ஆண்டுக்கு 31,200 ரூபாய். ஒரு குக்கிராமத்தின் எதிர்காலத் தலைமுறைக்கு உணவூட்ட ஆகும் தொகை இவ்வளவே. அரசுக்கு இது பெருஞ்செலவு என்று யாரும் வாதிட இயலாது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. 8 ரூபாய் என்பது சமவெளிக் குழந்தைக்கும் மலைக் குழந்தைக்கும் ஒன்றே. அரிசியும் பருப்பும் எண்ணெயும் முட்டையும் 70 வளைவுகளைக் கடந்து செம்மேட்டிற்கு வந்து, அங்கிருந்து வண்டி செல்லும் ஊர் வரை சென்று, பின்னர் தலைச்சுமையாக மையத்தை அடைகின்றன. கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டத்திலேயே இருந்தும், மலையுச்சி மையத்திற்கு முட்டை உடையாமல் வந்து சேர்வது ஒரு தனிப் பணியாகும். தொலைவின் செலவு தலைக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அதை யாரேனும் ஒருவர் தம் உழைப்பால் ஈடுகட்டுகிறார்.

அந்த ஒருவர் பெரும்பாலும் மையப் பணியாளரே. 2018 அக்டோபர் முதல் ஒன்றிய அரசின் திட்டத்தில் முழு மையப் பணியாளருக்கு மாத மதிப்பூதியம் 4,500 ரூபாய், குறு மையப் பணியாளருக்கு 3,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். தமிழ்நாடு அரசு இதற்குமேல் தன் நிதியைச் சேர்த்துச் சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்குகிறது. குறு மையத்திற்கு உதவியாளர் பணியிடம் கிடையாது. சமைப்பது, பரிமாறுவது, கழுவுவது, குழந்தைகளை அழைத்து வருவது, பாடம் சொல்வது, எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது ஆகிய அனைத்தும் ஒருவர் பொறுப்பு. குறைந்த ஊதியம் பெறுபவருக்கு இருவர் வேலை என்பது எவ்வகை அளவுகோலாலும் பொருந்தாது. மலைப்பகுதிகளுக்கெனவே பெரிதும் வகுக்கப்பட்ட குறு மையத்தில்தான் இந்நிலை என்பது கருதத்தக்கது. குறு மையங்களை முழு மையங்களாக உயர்த்தும் முடிவு அண்மை ஆண்டுகளில் எடுக்கப்பட்டது வரவேற்கத்தக்க மாற்றம்.

கட்டடத்திற்கு வேறு கணக்கு. ஒரு மையக் கட்டடத்திற்கு 12 இலட்சம் ரூபாய் என வரையறுத்து, அதில் 8 இலட்சத்தை மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்திலிருந்தும், 2 இலட்சத்தைப் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்திலிருந்தும், எஞ்சிய 2 இலட்சத்தைப் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு நிதியிலிருந்தும் பெற ஒன்றிய அரசு வழிவகுத்தது. மூன்று நிதிகள், மூன்று அலுவலகங்கள், மூன்று ஒப்புதல்கள். ஒன்று காலந்தாழ்ந்தால் மற்ற இரண்டும் காத்திருக்கும்.

கைப்பேசிச் செயலி வழியே கண்காணிக்கும் முறை 2021இல் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் எடை, உயரம், வருகை, வழங்கிய உணவு ஆகியவற்றைப் பணியாளர் அன்றாடம் பதிவேற்றுகிறார். வீட்டிற்கு வழங்கும் சத்துமாவைப் பெறும் தாயின் முகத்தைச் செயலி அடையாளம் காண வேண்டும் என்ற விதியும் பின்னர் சேர்ந்தது. முறைகேட்டைத் தடுப்பது இதன் நோக்கம். கைப்பேசி அலை எட்டாத சரிவில் நிற்கும் தாய்க்கும் பணியாளருக்கும் இவ்விதி வேறொரு நடையைச் சேர்க்கிறது. அலை கிடைக்கும் மேட்டுக்கு இருவரும் ஏற வேண்டும்.

தட்டில் நேர்ந்த மாற்றம்

மையத்தின் தேவையை உணர, மலைக்குடும்பத்தின் உணவில் நேர்ந்த மாற்றத்தையும் அறிய வேண்டும். சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு ஆகிய சிறுதானியங்கள் கொல்லிமலையின் மரபுவழிப் பயிர்கள். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் அன்றாட உணவாக இருந்தன. சேலம், நாமக்கல் பகுதிகளின் சவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது. மரவள்ளி பணம் தந்தது. சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி பரவியது. கையில் காசு வந்தது. நியாயவிலைக் கடை அரிசி தட்டுக்கு வந்தது. சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் நிறைந்த கேழ்வரகு தட்டை விட்டு நீங்கியது. வருவாய் உயர்ந்தால் ஊட்டம் தானே உயரும் என்று எண்ணுவோர் இம்மலையின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

சாமை குறைந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதன் உமியை நீக்குவது கடினம். பெண்கள் உலக்கை கொண்டு நெடுநேரம் குத்த வேண்டும். வயலிலும் வீட்டிலும் உழைத்தவர் அவ்வுழைப்பிலிருந்து விடுபட விரும்பியதில் வியப்பில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதை உணர்ந்து, மலைச் சிற்றூர்களில் உமி நீக்கும் பொறிகளை நிறுவ உதவியது. அவற்றை மகளிர் குழுக்களும் உழவர் குழுக்களும் நடத்தின. சிறுதானிய விதை காத்தல், மதிப்புக்கூட்டல், விற்பனை ஆகியவற்றிற்காக உழவர் கூட்டமைப்பு ஒன்றும் உருவாயிற்று. ஒரு பொறி ஒரு பெண்ணின் நாளில் இரண்டு மணி நேரத்தை மீட்டுத் தருமாயின் அதுவும் குடும்பத்திற்கான வளமே.

அங்கன்வாடி இதனோடு இணையக்கூடிய இடம் சத்துமாவு. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை, வெல்லம் முதலியவற்றால் ஆன இம்மாவைத் தமிழ்நாட்டில் மகளிர் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் உருவாக்கி வழங்குகின்றன. மையங்களுக்கான உணவுப் பணியில் ஒப்பந்தக்காரர்களை அமர்த்தலாகாது. ஊர்மக்களையும் மகளிர் குழுக்களையும் ஈடுபடுத்த வேண்டும் என்று 2004 அக்டோபர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. கொல்லிமலையில் விளையும் சாமையும் கேழ்வரகும் மலையிலேயே மாவாகி, மலைக் குழந்தையின் கிண்ணத்தை அடையும் ஏற்பாடு, சமவெளியிலிருந்து மூட்டை ஏற்றும் செலவைக் குறைக்கும். உழவருக்கு உறுதியான சந்தையும் கிடைக்கும்.

கடல் கடந்த சான்று

தொலைவு முதன்மையானது என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. அங்கு 1999 முதல் ஷ்யூர் ஸ்டார்ட் என்னும் பெயரில் குடும்ப மையங்கள் திறக்கப்பட்டன. பிறந்த குழந்தை முதல் ஐந்து வயதுக் குழந்தை வரை, பெற்றோருடன் வந்து மருத்துவ அறிவுரை, விளையாட்டு, கற்றல், வேலைவாய்ப்பு உதவி ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் பெறலாம். முதலில் ஏழ்மை மிக்க பகுதிகளில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்தது. 2010ஆம் ஆண்டிற்குப் பின்னர் அரசு செலவைக் குறைத்தது. நூற்றுக்கணக்கான மையங்கள் மூடப்பட்டன அல்லது பணிகளைச் சுருக்கிக்கொண்டன.

மையங்கள் மூடப்பட்ட பின்னரே அவற்றின் பயன் முழுமையாகத் தெரியவந்தது. அந்நாட்டு நிதி ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வு, முதல் ஐந்தாண்டுகளில் மையத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தொலைவுக்குள் வாழ்ந்த குழந்தைகள் பதினாறு வயதில் எழுதிய பொதுத்தேர்வில் மற்றவரைவிட மேம்பட்ட தரம் பெற்றதைக் கண்டறிந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இப்பயன் பன்மடங்கு மிகுந்திருந்தது. இன்று ஒதுக்கும் பணத்தின் விளைவைக் காணப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஓராண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அது தெரியாது. இத்தகைய செலவுகளே நிதி நெருக்கடியின்போது முதலில் வெட்டப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆய்வாளர்கள் அளவுகோலாகக் கொண்டது வீட்டிற்கும் மையத்திற்கும் இடைப்பட்ட தொலைவு என்பதையும் நாம் நோக்க வேண்டும். அந்த இரண்டரை கிலோமீட்டரும் பெரும்பாலும் நடைபாதையும் பேருந்தும் உள்ள நகரச் சாலைகள்.

தேடிச் செல்லும் வழிகள்

அரசு மக்களைத் தேடிச் செல்லும் முறை தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்திற்குமான மாத்திரைகளை வீட்டு வாசலில் சேர்க்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்களைக் கொண்டு குடியிருப்புக்கு அருகிலேயே மாலை வகுப்புகளை நடத்தியது. 2022 மே மாதம் உதகையில் தொடங்கப்பட்ட ஊட்டச்சத்தை உறுதி செய் என்னும் திட்டம், கடும் ஊட்டக்குறையுள்ள குழந்தைகளைத் தனியே கண்டறிந்து, தாய்க்கும் சேர்த்து ஊட்டப்பொருள் வழங்குகிறது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியாக 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் அளிக்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்வதும் வங்கிக்குச் செல்வதும் மலைப்பெண்ணுக்கு ஒரு நாள் கூலியை இழக்கச் செய்யும் பயணங்கள். அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் செவிலியரும் ஊருக்கே வரும் நாளில் இப்பணிகளையும் முடித்துத் தர இயலுமானால் அந்த இழப்பு நேராது.

150 பேரை எட்டாத குக்கிராமத்திற்குக் கட்டடம் வேண்டா. தாராபாய் மோடக் செய்ததைப் போல ஒரு முற்றம் போதும். முழு மையத்தின் கிளையாக, அவ்வூர்ப் பெண் ஒருவரையே பொறுப்பாக்கி, நாள்தோறும் காலை உணவும் விளையாட்டும் அங்கேயே நடத்தலாம். மையப் பணியாளர் வாரத்தில் ஒரு நாள் தராசுடன் வந்து எடை பார்க்கலாம். இதற்குத் தேவைப்படுவன ஒரு மதிப்பூதியமும், தலைக்கணக்கோடு தொலைவையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு விதியும். ஒரு குழந்தை எத்தனை நிமிடம் நடந்தால் மையத்தை அடையும் என்ற வினா, மையம் அமைக்கும் படிவத்தில் முதல் வரியாக இருக்கத் தக்கது. செலவு கூடும் என்பது எதிர்வாதம். செலவு இப்போதும் ஆகிறது. தாயின் கூலியாகவும் அக்காளின் படிப்பாகவும் குழந்தையின் எடையாகவும் அதைக் குடும்பம் செலுத்தி வருகிறது. அரசின் ஏட்டில் ஏறாமையால் அது செலவாகத் தெரிவதில்லை.

கோரிக்கையை எழுப்புவதற்குரிய அவை கிராம சபை. குடியரசு நாள், உழைப்பாளர் நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள் ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் தமிழக ஊராட்சிகளில் அது கூடுகிறது. வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். குக்கிராமத்தின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், அருகிலுள்ள மையத்திற்கு நடக்க ஆகும் நேரம், இடையில் உள்ள ஓடைகள், மழைக்காலத்தில் பாதை அடைபடும் நாள்கள் ஆகியவற்றைக் குறித்து நிறைவேற்றப்படும் தீர்மானம், ஊராட்சி ஒன்றியத்திற்கும் மாவட்டத் திட்ட அலுவலருக்கும் செல்லும். இவ்விவரங்களைத் திரட்ட ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதும். பதினொன்றாம் வகுப்பு மாணவர் இருவர் ஒரு விடுமுறை நாளில் இதனைச் செய்து முடிக்கலாம்.